நிதிச் சந்தையின் திரவத்தன்மையும் பன்வில மலைநிலமும் – ஒரு வரலாற்று நோக்கு

பொருளியலார் கையாளும் கலைச்சொற்களுள் 'திரவத்தன்மை' என்பது உவமையிற் பிறந்த ஒன்றாகும். நீர் பள்ளம் நோக்கித் தடையின்றிப் பாய்வது போல, ஒரு சொத்துப் பெறுமதி குன்றாமலும் காலந் தாழாமலும் பணமாக மாறவல்லதாயின் அதனைத் திரவத்தன்மை மிக்கது என்பர். கையிலுள்ள நாணயத்தாள் அத்தன்மையின் ஓர் எல்லை. மலைச்சரிவிலுள்ள காணி அதன் மறு எல்லை. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே பாலம் அமைப்பதற்கு மனிதர் செய்த முயற்சிகளே நிதிச் சந்தையின் வரலாறு எனலாம். இம்முயற்சி கண்டிக்கு வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலமைந்த பன்வில, ஹுலுகங்கை, மடுல்கலை, கலபொக்க ஆகிய பகுதிகளில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அண்மைக் காலத்தில் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் மீவேகப் பங்கு வணிகம் பற்றி எழுந்துள்ள ஆய்வுகள் அவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள எந்த அளவிற்கு உதவும் என்பதையும் ஈண்டு நோக்குவோம். நியூயோர்க்கின் கணினிச் சந்தைக்கும் பன்வில மலைக்கும் என்ன தொடர்பு என வினவுவோர் உளர். அவ்வினாவிற்கு விடை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்குகின்றது.

கண்டி இராச்சியத்தில் காணி, சேவைக் கடப்பாட்டோடும் குடும்ப உரித்தோடும் பிணைந்திருந்தது. அதனை விலைகூறி விற்கும் பண்டமாக ஆக்கியது ஆங்கில ஆட்சியேயாகும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியன எனக் கொண்டது. ஏக்கர் 5 சிலிங் விலையில் விற்கப்பட்டுவந்த முடிக்குரிய காணியின் ஆரம்ப விலை 1844இல் 20 சிலிங்காக உயர்த்தப்பட்டது. தும்பறை, கலபொக்க, நக்கிள்ஸ் மலைச்சாரல்களில் காடழிந்து கோப்பி எழுந்த காலம் இதுவேயாகும். கோப்பிச் செடி பலன் தருவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். அதுவரை காடு வெட்டும் கூலியும் அரிசியும் கடனிலேயே நடைபெறல் வேண்டும். கொழும்பிலிருந்த முகவர் கம்பனிகள் வருங்கால விளைச்சலை ஈடாகக் கொண்டு பணம் முற்கொடுத்தன. அப்பணத்தை அவை இலண்டன் மீது உண்டியல் எழுதிப் பெற்றன. எனவே பன்வில மலையில் வெட்டப்பட்ட ஒவ்வொரு மரத்தின் பின்னும் இலண்டனில் உண்டியலை வாங்க ஒருவர் காத்திருத்தல் இன்றியமையாததாயிற்று.

1847ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் நாணயச் சந்தை முடங்கியபோது அவ்வொருவர் காணாமற்போனார். குடியேற்றநாட்டுக் கோப்பிக்கு இருந்த தீர்வைச் சலுகை அதற்கு முன்னரே குறைக்கப்பட்டிருந்தது, விலையும் வீழ்ந்திருந்தது. பெருஞ்செலவில் உருவான தோட்டங்கள் அச்செலவின் சிறுபகுதிக்கே ஏலம் போயின. சில கைவிடப்பட்டுக் காடாயின. முந்திய ஆண்டில் விரும்பி வாங்கப்பட்ட அதே மண், அதே செடி. மாறியது வாங்குவோர் தொகை மட்டுமே. அரச வருமானம் சுருங்கியதால் 1848இல் விதிக்கப்பட்ட புதிய வரிகள் அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயின என்பதை இலங்கை வரலாறு கற்றோர் அறிவர். பேராதனையில் பொருளியல் கற்பித்த வன்டன் டிறீசன் போன்றோரின் ஆய்வுகளால் கோப்பிக் காலத்தின் இப்பக்கம் ஓரளவு துலங்கியுள்ளது. ஆயினும் அதனைத் திரவத்தன்மையின் வரலாறாக நோக்கியோர் அரியர்.

காணியும் விளைச்சலும் தாள் வடிவிற் கைமாறிய அதே காலத்தில், மனிதரும் தாள் வடிவிற் கைமாறினர். மலையகத் தமிழர் நன்கறிந்த 'துண்டு' முறையையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு வழிச்செலவு, உணவு, ஊர்க்கடன் ஆகியவற்றிற்காகக் கங்காணி முற்பணம் கொடுத்தார். கங்காணிக்குத் தோட்டத்துரை கொடுத்தார். தொழிலாளி தோட்டத்தில் இறங்கும்போதே கடனாளியாக இறங்கினார். கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பின், 'இன்ன தொகை செலுத்தப்படின் இவ்வாட்களை விடுவிப்பேன்' எனத் துரை எழுதிக் கொடுத்த சிறு காகிதமே துண்டு எனப்பட்டது. அதனைக் கையிற்கொண்டு கங்காணி தோட்டந்தோறும் அலைந்து, அத்தொகையைச் செலுத்த உடன்படும் துரையைத் தேடுவார். ஆள் தட்டுப்பாடு மிக்க காலத்திற் புதிய துரை பழைய கடனைத் தீர்த்ததோடு அமையாது மேலதிக முற்பணமும் கொடுத்தார். அம்மேலதிகமும் தொழிலாளியின் கணக்கிலேயே ஏறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடன் வளர்ந்தது.

சந்தை நோக்கிற் காணின், துண்டு ஒரு மிகத் திறமையான கருவி. அசையாத ஒன்றை, அதாவது மனித உழைப்பின் மீதுள்ள கடனை, அது விலையுள்ள அசையும் பொருளாக்கிற்று. கேட்புவிலை அதில் எழுதப்பட்டிருந்தது. வாங்குவோர் பலர் இருந்தனர். பெறுமதி குன்றாது கைமாறியது. இன்றைய பாடநூல்கள் திரவத்தன்மைக்குக் கூறும் இலக்கணங்கள் யாவும் பொருந்துகின்றன. பொருந்தாதது ஒன்றுண்டு. துண்டு எத்துணை எளிதாக நகர்ந்ததோ அத்துணைக்குத் தொழிலாளி கட்டுண்டார். தாளின் விடுதலை வேறு, தாளில் எழுதப்பட்டவரின் விடுதலை வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இனி வேகம் என்னும் பொருளுக்கு வருவோம். இக்காலச் சந்தை ஆய்வுகளில் மிகுதியாகப் பேசப்படுவது அதுவே. செய்தியை முதலிற் பெறுபவர் இலாபம் அடைவார் என்பது வணிகத்தின் பழைய உண்மை. ஐரோப்பிய அஞ்சற் கப்பல்கள் காலித் துறைமுகத்தைத் தொட்டுச் சென்ற நாள்களில், இலண்டன் கோப்பி விலை கொழும்பை அடையக் காலியிலிருந்து தரைவழிப் பயணம் வேண்டியிருந்தது. 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை 1850இல் காலிக்கும் கொழும்புக்குமிடையே தூதுப்புறாச் சேவையைத் தொடங்கியது. கப்பல் கொணர்ந்த செய்தியின் சுருக்கம் மெல்லிய தாளில் எழுதப்பட்டுப் புறாவின் காலிற் கட்டப்பட்டது. கிறைமியப் போர்ச் செய்திகளும் இவ்வழியே கொழும்பை எட்டின. 1858இல் மின்தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1870இல் பம்பாயிலிருந்து ஏடன், சுயெஸ் வழியாக ஐரோப்பாவுடன் கடலடித் தந்தி இணைந்தது. வாரக்கணக்கில் வந்த விலை மணிக்கணக்கில் வரலாயிற்று. ஆனால் மடுல்கலையில் முதிர்ந்த கோப்பிப் பழம் முதிரும் காலத்திலேயே முதிர்ந்தது. விலையின் வேகம் கூடியதேயன்றி விளைவின் வேகம் கூடவில்லை.

வேகமான செய்தி நெருக்கடியைத் தடுக்கவுமில்லை. 1869இல் மடுல்சீமையில் (மடுல்கலையோடு மயங்கற்க, இது ஊவாவைச் சார்ந்தது) கோப்பி இலைத்துரு நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது. நோய் பரவிய தொடக்க ஆண்டுகளிற் கோப்பி விலை ஏறியமையால் தோட்டத்துரைமார் மேலும் காடழித்துப் பயிரிட்டனர், கடனும் ஏறிற்று. விளைச்சல் குன்றி, விலையும் விழுந்தபோது ஈடாகக் கிடந்த தோட்டங்களை வாங்குவார் இல்லை. அவற்றின் மீது பெருந்தொகை கடன் கொடுத்திருந்த ஓறியன்ரல் வங்கி 1884ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் கதவடைத்தது. இலங்கையில் பெருமளவு புழங்கிய நாணயத்தாள்கள் அவ்வங்கி வெளியிட்டவை. முதல்நாள் வரை பணமாக இருந்தது மறுநாள் வெறுந் தாளாகும் நிலை தோன்றியது. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசு பொறுப்பேற்பதாக அறிவித்தார். அவ்வாண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நாணயத்தாள் வெளியிடும் உரிமை அரசைச் சார்ந்தது. திரவத்தன்மையின் உச்சம் என நாம் மேலே கூறிய நாணயத்தாளும் பிறர் நம்பிக்கையாலேயே திரவமாக இருக்கின்றது என்பதை இலங்கையர் கற்ற நாள் அது. அதே 1884இல் இயற்றப்பட்ட வேறொரு கட்டளைச் சட்டம் தொழிலாளரின் கூலி நிலுவையைத் தோட்டத்தின் மீதான முதற்பொறுப்பாக்கியது. கூலி மாதக்கணக்கில் நிலுவையாக நிற்பது வழக்கமாக இருந்ததாலேயே அத்தகைய சட்டம் தேவைப்பட்டது.

கோப்பி அழிந்த மண்ணில் தேயிலை எழுந்த வரலாறு பலராலும் எழுதப்பட்டதாதலின் அதனை விரித்தல் வேண்டா. கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் சோமவில் கம்பனியின் அலுவலகத்தில் நடைபெற்றது. தேயிலைக்குத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்குத் தனியொரு துரையின் முதல் போதாது. ஆகவே தோட்டங்கள் கம்பனிகளாயின. கம்பனிகள் பங்குகளாகப் பிரிந்தன. அப்பங்குகளைக் கைமாற்ற 1896இல் கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் தோன்றியது. காணி பத்திரமானது; பத்திரம் விலையானது.

பங்கு எனும் கருத்தின் நுட்பம் இதுவே: தோட்டம் அசையாது கிடக்க, அதன் உரிமை மட்டும் நாள்தோறும் கைமாறலாம். மேனாட்டார் ஆய்வு இவ்விடத்தில் நமக்குத் துணைபுரிகின்றது. 1936இல் வெளிவந்த தமது நூலில் கெயின்ஸ், தனிமனிதர் ஒவ்வொருவரும் தம் பங்கை விற்று வெளியேற இயலும், ஆனால் சமுதாயம் முழுவதற்கும் அவ்வாறு வெளியேறும் வழி கிடையாது என்னும் கருத்தை நிலைநாட்டினார். 1968இல் ஹரோல்ட் டெம்செற்ஸ், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்குமிடையே தரகர் வைக்கும் இடைவெளியானது 'உடனே' என்பதற்குக் கொடுக்கும் கூலியே என விளக்கினார். 1985இல் அல்பேட் கைல் திரவத்தன்மையை மூன்றாகப் பகுத்தார்: இடைவெளியின் நெருக்கம், விலை அசையாமல் ஏற்கக்கூடிய அளவாகிய ஆழம், குலைந்த விலை மீளும் திறன். அடுத்த ஆண்டில் அமிஹூட், மெண்டல்சன் ஆகிய இருவரும், விற்பதற்கு அரிய பங்கை வைத்திருப்போர் அதற்கு ஈடாகக் கூடிய வருவாயை எதிர்பார்க்கின்றனர் என எடுத்துக்காட்டினர். கைலின் மூன்று அளவைகளையும் 1847ஆம் ஆண்டுக் கண்டிக் காணிச் சந்தைக்குப் பொருத்திப் பார்ப்பின், நெருக்கம் இருந்தது, ஆழம் இருப்பதுபோல் தோன்றியது, மீளும் திறன் ஆண்டுக்கணக்கில் வரவில்லை என்பது புலனாகும்.

அவ்வாய்வுகள் எழுந்தபின் சந்தையின் உருவமே மாறிற்று. தரகர் நின்ற இடத்தைக் கணினி பிடித்தது. ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிற்குள் விலைகூறி, நீக்கி, மீண்டும் கூறும் மீவேக வணிகம் 2000ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தைகளிற் பரவியது. இதனால் திரவத்தன்மை வளர்ந்ததா, தேய்ந்ததா? ஹென்டர்ஷொட், ஜோன்ஸ், மென்க்வெல்ட் ஆகியோர் 2003இல் நியூயோர்க் சந்தை விலைகளைத் தானியங்கி முறையில் வெளியிடத் தொடங்கிய நிகழ்வை ஆராய்ந்து, பெருங் கம்பனிப் பங்குகளில் விலை இடைவெளி குறுகியது என 2011இல் வெளியிட்டனர். ஆகவே 'வளர்ந்தது' என்போர் பக்கம் சான்று இல்லாமலில்லை. அமைதியான நாள்களுக்கு அது பொருந்தும்.

அமைதியற்ற நாள் 2010ஆம் ஆண்டு மே 6 ஆகும். அன்று பிற்பகல் ஒரு நிறுவனம் சிக்காகோவில் 75,000 எதிர்கால ஒப்பந்தங்களை, ஏறத்தாழ 410 கோடி டொலர் பெறுமதிக்கு, தானியங்கி முறையில் விற்க முற்பட்டது. விலை சரிந்தது. அமெரிக்க அரச ஆணையங்களின் அறிக்கைப்படி, 14 செக்கன்களில் மீவேக வணிகர்கள் 27,000க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களைத் தமக்குள் கைமாற்றினர். அவ்வளவு வணிகத்தின் முடிவில் அவர்கள் நிகரமாக வாங்கியிருந்தவை சுமார் 200 மட்டுமே. சுடுசோற்றுப் பானையைக் கைக்குக் கை மாற்றியதற்கு ஒப்பாகும் இது. வணிகத் தொகை பெருகிற்று. வைத்திருக்க முன்வந்தோர் இல்லை. டோ ஜோன்ஸ் சுட்டெண் ஏறத்தாழ ஆயிரம் புள்ளிகள் வீழ்ந்து, சில நிமிடங்களில் மீண்டது. அதனை மீட்டது எது எனக் காண்பது சுவை தரும். சிக்காகோச் சந்தையின் பொறியமைப்பு வணிகத்தை 5 செக்கன்கள் நிறுத்தியது; அதன் பின்னரே அங்கு வாங்குவோர் மீண்டனர். வேகம் கலைத்த சந்தையைத் தாமதம் கூட்டியது.

இவ்வுண்மையை நுணுகி ஆராய்ந்தோர் புடிஷ், கிறாம்ரன், ஷிம் ஆகிய மூவர். சிக்காகோ விலைக்கும் நியூயோர்க் விலைக்குமிடையே தோன்றும் சிறு வேறுபாட்டால் இலாபம் பெறும் வாய்ப்பு 2005இல் ஒரு செக்கனின் ஆயிரத்தில் 97 பங்கு நேரம் நீடித்தது. 2011இல் அது 7 பங்காகச் சுருங்கியது. ஆனால் வாய்ப்பொன்றினாற் கிடைத்த இலாபம் குறையவில்லை. போட்டி விலையை நேராக்கவில்லை. ஓட்டத்தை மட்டும் விரைவாக்கியது என்பது அவர்கள் 2015இல் வெளியிட்ட முடிவு. அதற்கு அவர்கள் கூறிய மாற்று யாது? ஓயாது ஓடும் வணிகத்தை விடுத்து, குறித்த இடைவேளைகளிற் கட்டளைகளைத் திரட்டி ஏலமாக நடத்துக என்பதே.

இதனைப் படிக்கும் இலங்கையர்க்குக் கொழும்புத் தேயிலை ஏலம் நினைவுக்கு வருதல் இயல்பு. மடுல்கலைத் தொழிற்சாலைத் தேயிலை வாரத்தில் ஒரு முறை ஏலத்திற்கு வருகின்றது. அதன் முன்னரே மாதிரியும் விலைப்பட்டியலும் வாங்குவோர் யாவர்க்கும் அனுப்பப்படுகின்றன. நாவிற் சுவைத்து மதிப்பிடக் காலம் கிடைக்கின்றது. ஒரே வேளையில் பலர் கூடுவதால் ஆழம் உண்டாகின்றது. 2020 ஏப்ரலில் நோய்த்தொற்றுக் காலத்தே ஏலம் மின்னணு முறைக்கு மாறியபோதும் வாரமுறை மாறவில்லை. பழமை என எண்ணப்பட்ட ஓர் ஏற்பாடு புதிய ஆய்வால் வலுப்பெறுவது கருதத்தக்கது. ஏலத்தில் எல்லாம் நன்று என நாம் கூறவில்லை. வாங்குவோர் சிலரேயாயின் ஏலமும் விலையைத் தாழ்த்தவல்லது.

நம் பங்குச் சந்தையிலோ நோய் வேறு. 1985இல் இன்றைய வடிவில் அமைக்கப்பட்ட கொழும்புச் சந்தை, 1991இல் மத்திய வைப்பகத்தையும் 1997இல் தானியங்கி வணிக முறையையும் பெற்றது. பொறி விரைவாயிற்று, ஆனால் பல கம்பனிகளில் பெரும்பங்கு ஒரு சிலர் கையிலிருப்பதால் கைமாறும் பங்கு சொற்பம். 2020ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், ஏழு வாரம் மூடியிருந்த சந்தை திறந்த மாத்திரத்தே பெருங் கம்பனிச் சுட்டெண் நூற்றுக்குப் பத்திற்கு மேல் வீழ்ந்து அன்றைய வணிகம் நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாளும் அவ்வாறே நிகழ்ந்தது. மீவேக வணிகர் இல்லாத சந்தையிலும் வாங்குவோர் ஒருங்கே மறைவர் என்பதை இவை காட்டுகின்றன. பொறியின் வேகத்தை மட்டும் குற்றங்கூறுதல் பொருந்தாது.

இச்சந்தை பன்வில மலையை எட்டும் வழி இரண்டு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அரசு அவற்றைப் பிராந்தியக் கம்பனிகளாகப் பகுத்துத் தனியாரிடம் முகாமையை ஒப்படைத்தது. பின்னர் பங்குகள் விற்கப்பட்டபோது நூற்றுக்குப் பத்து வீதம் ஊழியர்க்கு இலவசமாக வழங்கப்பட்டது. தொழிலாளி முதன்முறையாகத் திரவச் சொத்தொன்றின் உடைமையாளரானார், ஏட்டளவில். பங்கை விற்கக் கொழும்புத் தரகர் வேண்டும். விலை அறியப் பத்திரிகையின் வணிகப் பக்கம் வேண்டும். லயத்தில் வாழ்பவர்க்கு உடனடிப் பணம் தருவன அன்றும் இன்றும் காதிற் கிடக்கும் தோடும், அடைவுகடையும், பெண்கள் தமக்குள் பிடிக்கும் சீட்டுமேயாகும்.

மற்றையது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த இந்நிதி நாட்டின் மிகப்பெரிய முதலீட்டு நிதியாகும். அரச பிணையங்களிலும் ஓரளவு பங்குகளிலும் இடப்பட்டுள்ளது. கலபொக்கவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மாதச் சம்பளத்தில் கழிக்கப்படும் தொகை இவ்வாறு கொழும்புச் சந்தையின் ஆழத்தில் ஒரு துளியாகின்றது. சந்தை வற்றுமாயின் முதுமையில் வற்றுவது அவர் கிணறே.

ஆனால் அத்தொகை நிதியைச் சென்றடைதல் வேண்டுமன்றோ? 1992இல் தனியாரால் விரும்பப்படாது எஞ்சியவை பெரும்பாலும் கண்டி, மாத்தளை மலைகளின் இடைநிலத் தோட்டங்கள். முதிர்ந்த செடியும் குன்றிய விளைவும் உடைய அவை ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவப் பெருந்தோட்டக் கம்பனி ஆகிய அரச நிறுவனங்களிடமே நின்றன. பன்வில சூழலின் தோட்டங்கள் சிலவும் அவற்றுள் அடங்கும். 1840களில் இலண்டன் முதல் தேடி ஓடிவந்த மலைக்கு 150 ஆண்டுகளின் பின் கேட்பார் இல்லை. இந்நிறுவனங்கள் சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் செலுத்தாது வைத்த நிலுவை பாராளுமன்றக் குழுக்களிற் பன்முறை ஆராயப்பட்டது. சம்பளத்திற் கழிக்கப்பட்ட பணம் நிதியைச் சேராமையால், ஓய்வு பெற்ற தொழிலாளர் பலர் தம் சேமலாப நிதிப் பணத்திற்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. கூலியைத் தோட்டத்தின் மீதான முதற்பொறுப்பாக்கிய 1884ஆம் ஆண்டுச் சட்டம், அத்தோட்டத்தை வாங்க ஒருவர் இருப்பார் என்றே எண்ணியிருந்தது.